தாக்தாவின் வாசலில் பட்டினி

எங்கள் மடத்தில் கொல்மான் என்ற பெயரில் பதினேழு துறவிகள். "கொல்மான்!" என்று கூப்பிட்டால் பதினேழு பாதி மொட்டைத் தலைகளும் திரும்பும், வேலைக்கு மட்டும் ஒருத்தனும் வரமாட்டான். நான் லோகான், சமையல்காரன். எல்லாம் என் தலையில்தான் விடியும்.

அந்த வசந்தத்தில் மடத்தின் ஒரே பசு கியார், மேய்ந்தபடியே தாக்தாவின் குன்றுக்குள் புகுந்துவிட்டாள். தாக்தா பழைய கடவுள். ஊரே ஞானஸ்நானம் வாங்கிய பிறகு குன்றுக்குள் போய் உட்கார்ந்துகொண்ட பெருவயிற்றுக்காரர். கியார் போனதும் பாலில்லை, வெண்ணெயில்லை. கன்றிலிருந்து நான் வளர்த்தவள். எனக்கு அழுகையே வந்தது.

"போய் அவன் வாசல்ல பட்டினி கெட," என்றார் மடத்துத் தலைவர் பெக்கான்.

"நானா? நீங்கதானே சாமி பெரியவரு?"

"எனக்கு முட்டிவலி. போடா."

நியாயம் வேண்டுமென்றால் எதிராளியின் வாசலில் பட்டினி கிடப்பது எங்கள் சட்டம். நாம் கிடக்கையில் அவன் ஒரு வாய் தின்றால் இரட்டிப்பாகத் தர வேண்டும். நாம் தின்றுவிட்டால் வழக்கு போச்சு.

இரண்டு நாள் கிடந்தேன். குன்று அசையவில்லை. மூன்றாம் நாள் காலை எனக்குக் கோபம் தலைக்கேறியது. அடுப்பு மூட்டி, பக்கத்து வீட்டில் வெண்ணெய் கடன் வாங்கி, அவர் வாசலிலேயே ஓட்ஸ் கஞ்சி கிண்டினேன். வாசனை உள்ளே போனதுதான் தாமதம், குன்றின் கதவு திறந்தது. பின்புறத்தைக்கூட மறைக்காத குட்டைச் சட்டையோடு தாக்தா ஓடி வந்தார்.

"டேய் மொட்டை, இது அநியாயம்டா!" என்றவர், பானையை வழித்தே தின்று முடித்தார்.

"தின்னுட்டீங்க! தோத்தீங்க! ரெண்டு மாடு குடுங்க!" என்று குதித்தேன்.

அவர் விரலை நக்கினார். "உப்பு கச்சிதமா இருக்கே. ருசி பாக்காம எப்படிடா போட்ட?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. முப்பது வருஷக் கைப்பழக்கம். அகப்பையை இரண்டு தடவை வாயில் வைத்திருக்கிறேன், பாழாய்ப்போனவன்!

"அப்ப மொதல்ல தின்னது நீ. மாடு எனக்கு."

கியாரின் பெயரைச் சொல்லி அங்கேயே உட்கார்ந்து ஓவென்று அழுதேன். பெரிய மனுஷருக்குத் தாங்கவில்லை.

"அட, மூக்கத் தொடைடா. எங்கிட்ட வத்தாத அண்டா இருக்கு, அளவா உப்புப் போட ஆளில்ல. எத்தன வருஷமா சப்புன்னு தின்னுட்டுக் கெடக்கேன் தெரியுமா? மாட்ட ஓட்டிக்கோ. நானும் கூட வரேன்."

மடத்து வாசலில் பெக்கான் வாயைப் பிளந்தார். "மாடு சரி. இவரு யாருடா?"

"மடத்துல சேர வந்திருக்காரு சாமி."

"பேரு?"

தாக்தா விழித்தார். நான் முந்திக்கொண்டேன். "கொல்மான்."

"இன்னொருத்தனா!" என்று தலையிலடித்துக்கொண்டு எழுதிக்கொண்டார் பெக்கான். பிறகு, "மொதல்ல அவனுக்கு ஒரு நீளச் சட்ட குடு," என்றார்.

இப்போது கூப்பிட்டால் பதினெட்டுத் தலைகள் திரும்புகின்றன. பானை கழுவ எழுந்து வருவது அந்த ஒருத்தர்தான். தண்ணீர்கூடக் கேட்பதில்லை, நாக்காலேயே கழுவிவிடுகிறார்.