உசத்தியும் சல்லிசும்

அந்த மாதப் பத்திரிகையை வாங்குகிறவர்களில் பாதிப்பேர் கடைசிக்கு முந்தைய பக்கத்தைத்தான் முதலில் புரட்டினார்கள். ஆசிரியருக்கு அதில் உள்ளூர வருத்தம். தலையங்கத்துக்காக அவர் மாதம் முழுக்க மண்டையை உடைத்துக்கொள்ள, ஜனங்கள் நேராகப் போய் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் இசைத்தட்டுக்காக அடித்துக்கொள்வதைப் படித்தால் யாருக்குத்தான் பொறுக்கும்?

பக்கத்தின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இடப்பக்கம் 'உசத்தி', வலப்பக்கம் 'சல்லிசு'. மாதம் ஒரு செவ்வியல் படைப்பை எடுத்துக்கொள்வார்கள். அதற்கு வந்திருக்கும் பதிவுகளில், விலையைப் பார்க்காமல் வாங்க வேண்டியது எது என்று மனைவி சொல்வாள். பர்ஸும் அழாமல் காதும் அழாமல் வாங்கக்கூடியது எது என்று கணவர் சொல்வார். சொல்லிவிட்டுச் சும்மா இருக்க மாட்டார்கள். "சல்லிசு சிபாரிசு செய்யும் பியானோ, பல் வலியோடு வாசித்தது" என்று இவள் எழுதினால், "உசத்தியின் தட்டில் பாதி விலை அட்டைப்பெட்டிக்கு" என்று அவர் எழுதுவார். பதினோரு வருடம் இப்படியே ஓடியது. வாசகர்கள் அவர்களுக்கு அந்தப் பெயர்களையே நிலைக்க வைத்துவிட்டார்கள்.

சல்லிசுக்குத் தொழில் மூக்குக்கண்ணாடிக் கடை. பின்னறையில் உட்கார்ந்து லென்ஸ் தேய்த்து பிரேமில் பொருத்துவார். உசத்தி பியானோக்களுக்குச் சுருதி சேர்க்கிறவள். பை நிறையக் கருவிகளோடு வீடு வீடாகப் போவாள். அவள் காதிலிருந்து எதுவும் தப்பாது. குளிர்பதனப் பெட்டி எந்தச் சுரத்தில் உறுமுகிறது என்று சொல்லி, அது அரை சுரம் இறங்கினால் பழுதுபார்ப்பவரைக் கூப்பிடச் சொல்வாள். அவள் சொன்னபடி அது இரண்டு தடவை பழுதாகியும் இருக்கிறது.

இப்போது சொல்ல வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. உசத்தி அந்த வீட்டை விட்டுப் போய் நாலு வருடமாகிவிட்டது.

பெரிய சண்டை ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால்கூடத் தேவலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டுகளைக் கழுவிக்கொண்டே அவள் சொன்னாள்: "பத்திரிகையில பேசுற அளவுக்குக்கூட நாம வீட்ல பேசுறதில்ல. கவனிச்சீங்களா?"

அவர் கவனிக்கவில்லை. அவள் அடுத்த வாரம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு அறை பார்த்துக்கொண்டு போனாள். இசைத்தட்டுகளைப் பிரித்துக்கொள்வதில் இருவருக்கும் ஒரு சொல்கூடத் தேவைப்படவில்லை. விலை உயர்ந்தவை எல்லாம் அவளோடு போயின, மலிவானவை எல்லாம் நின்றன. கூடத்து அலமாரியில் இடப்பக்கப் பலகைகள் நான்கும் காலி. தன் பங்கை அங்கே கொஞ்சம் தள்ளிப் பரப்பி வைத்திருக்கலாம். அவருக்கு மனசு வரவில்லை. வாரா வாரம் அந்த வெற்றுப் பலகைகளைத் துடைத்து மட்டும் வைத்தார்.

முதல் மாதம் கட்டுரை அனுப்பும் நாள் வந்தது. அவள் பாதி வரவில்லை. பத்திரிகைக்காரர்களுக்கு என்னவென்று சொல்வது? தாமதமாகிறதோ என்னவோ என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அவள் பாதியையும் அவரே எழுதிவிட்டார். எழுத எழுதக் கை தானாகப் போனது. பதினோரு வருடம் கேட்ட குரல் இல்லையா, வாக்கியம் எங்கே கடிக்கும் எங்கே சிரிக்கும் என்று தெரிந்திருந்தது. அனுப்பிவிட்டு எழுந்தபோது, யாரோடோ ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தது போல இருந்தது. அந்த வீட்டில் அந்த மாதம் அவருக்குக் கிடைத்த பேச்சு அவ்வளவுதான்.

அப்புறம் நிறுத்த முடியவில்லை. மாதா மாதம் அவளை வரவழைத்து, வம்புக்கு இழுத்து, அவளிடம் தோற்றுப்போவார். தோற்பதில் ஒரு சுகம் இருந்தது. அவள் தட்டுகள் அவரிடம் இல்லையே என்று கேட்கலாம். எல்லாம் பழைய பதிவுகள், எல்லாவற்றையும் பற்றி அவள் ஏதாவது சொல்லியிருக்கிறாள், அந்த ஞாபகத்தை வைத்தே ஒப்பேற்றினார். தன்னுடையவற்றையும் வீட்டில் போட்டுக் கேட்பது குறைந்துபோனது. பாட்டு முடிந்ததும் வருகிற அமைதியை அந்தக் கூடத்தில் தனியாகத் தாங்க முடியவில்லை என்பதுதான் நிஜம். கடைப் பின்னறையில், லென்ஸ் தேய்க்கும் இயந்திரம் கர்ரென்று ஓட, அதன் பக்கத்தில் ஒரு சின்னப் பாட்டுப்பெட்டியில் போட்டுக் கேட்டார். கேட்டேன் என்று பெயர் பண்ணினார் என்பதே சரி.

அப்படித்தான் அந்த நால்வர் இசை மாட்டியது. இரண்டு வயலின், ஒரு வியோலா, அவற்றுக்கெல்லாம் பெரியப்பா மாதிரி முழங்கால்களுக்கு நடுவே நிற்கும் ஒரு செல்லோ. அதற்குப் பெயர்போன பதிவு ஒன்று உண்டு, சாம்பல் நிறப் பெட்டியில் வரும். அவர்கள் கல்யாணமான புதிதில் சேர்ந்து வாங்கிய முதல் தட்டு அது. போகும்போது அவள் கொண்டுபோனாள். இப்போது யாரும் கேள்விப்படாத நால்வர் வாசித்தது என்று பச்சை உறையில், மூன்றில் ஒரு பங்கு விலையில் புதிதாக ஒன்று வந்திருந்தது.

அந்த மாதம் அவருக்கு எழுத்து வெள்ளமாக வந்தது. சாம்பல் பெட்டி மரவீடு மாதிரி கதகதப்பு, பச்சை உறை சிமெண்டுத் தரை மாதிரி சில்லிப்பு என்று உசத்தியின் பாதியில் எழுதினார். சில்லிப்பு இல்லை, சுத்தம் என்று வலப்பக்கத்தில் வரிந்துகட்டினார். அந்த முதல் வயலினின் பக்குவம் இந்தச் சின்னப் பையன்களுக்கு வர இன்னும் இருபது வருடம் ஆகும் என்று அவளைச் சொல்லவைத்தார். பத்திரிகை வந்ததும் ஆசிரியரே போன் பண்ணினார்.

"சார், இந்தத் தடவை ரெண்டு பேரும் பின்னிட்டீங்க. அம்மாகிட்டயும் சொல்லிடுங்க."

"சொல்லிடறேன்" என்றார் சல்லிசு. சொல்லிவிட்டு அன்று மதியம் சாப்பிடவே தோன்றவில்லை அவருக்கு.

மூன்றாவது வாரம் பத்திரிகையிலிருந்து வாசகர் கடிதக் கட்டு வந்தது. கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்துப் பிரித்தார். ஐந்தாவது ஒரு அஞ்சலட்டை. கையெழுத்தைப் பார்த்ததுமே காதுமடல் சூடாகிவிட்டது. பியானோக்களுக்குள் ஒட்டிவைக்கும் சீட்டுகளில் எழுதிப் பழகிய அதே பொடி எழுத்து.

"சல்லிசுக்கு. ரெண்டு தட்டையும் மாத்தி மாத்திப் போட்டுப் பார்த்துட்டேன். ரெண்டும் ஒரே பதிவு. யாரோ பழைய ஒலிநாடாவை வாங்கி, ஆள் பேரை மாத்தி, பச்சை உறை போட்டிருக்காங்க. மூணாவது பகுதியில செல்லோக்காரருக்கு ரெண்டுலயும் அதே இடத்துல அதே சளி. இவ்வளவு வாய் கிழியப் பேசின உசத்திக்கு அது கேட்கலையா? இப்படிக்கு, உசத்தி."

கடையைப் பூட்டினார். மதியம் இரண்டு மணிக்கு அந்தக் கடையைப் பூட்டியதே இல்லை. பச்சை உறையோடு வீட்டுக்குப் போய், கூடத்துப் பெரிய பாட்டுப்பெட்டியில் போட்டார். மூன்றாவது பகுதி மெதுவானது. வயலின்கள் இரண்டும் பேசி ஓய்ந்து, ஒரு கணம் எல்லாம் நிற்கும், பிறகு செல்லோ நுழையும். நுழைவதற்குச் சற்று முன்னால், தெளிவாக, ஒரு உறிஞ்சல். மனிதனுக்கு நல்ல ஜலதோஷம். கல்யாணமான புதிதில், அந்த இடம் வரும்போதெல்லாம் அவள் கைக்குட்டையை எடுத்து ஒலிபெருக்கி பக்கம் நீட்டுவாள். "பாவம், துடைச்சுக்கச் சொல்லுங்க" என்பாள். ஒவ்வொரு தடவையும் அவர் சிரித்திருக்கிறார். எந்த வருடம் சிரிப்பதை நிறுத்தினார் என்று யோசித்துப் பார்த்தார். பிடிபடவில்லை.

ஒரே பதிவை மரவீடு என்றும் சிமெண்டுத் தரை என்றும் பிரித்து எழுதிய அசட்டுத்தனம் முதலில் சுட்டது. அது ஆறுவதற்குள் இன்னொன்று உறைத்தது. இரண்டையும் மாற்றி மாற்றிப் போட்டேன் என்கிறாள். சாம்பல் பெட்டி அவளிடம் இருப்பதுதான். பச்சை உறை எப்படி வந்தது? அவர் வாங்கச் சொல்லி, அவள் கடைக்குப் போய் வாங்கியிருக்கிறாள். தன்னை யாருமே கேட்கவில்லை என்று நாலு வருடம் நினைத்துக்கொண்டிருந்தவருக்கு அது சந்தோஷமா வலியா என்று பிரிக்கத் தெரியவில்லை.

அவள் தொலைபேசி எண் இருந்தது. என்ன பேசுவது என்பதுதான் இல்லை. அதனால் ஆசிரியரைக் கூப்பிட்டார்.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்து, மென்று விழுங்காமல் எல்லாவற்றையும் சொன்னார்.

"அப்போ நாலு வருஷமா நீங்க உங்களோடயே சண்டை போட்டுட்டு இருந்தீங்களா?"

"ஆமா."

"யாரு ஜெயிச்சா?"

"அவதான்."

ஆசிரியர் சிரிக்கப் பார்த்து, அடக்கிக்கொண்டார். "சரி விடுங்க சார். பதிவு விஷயத்தை மட்டும் ரெண்டு வரியில திருத்தம் போட்டுடலாம். மத்தது யாருக்குத் தெரியப்போகுது? பக்கம் நல்லா போயிட்டிருக்கு."

"அவளுக்குத் தெரியும்."

"அவங்ககிட்ட வேணா நான் பேசட்டுமா? மறுபடியும் எழுத வருவாங்களான்னு."

அதைத்தானே சல்லிசு நாலு வருடமாக வேண்டிக்கொண்டிருந்தார். இன்னொருவர் வாயால் கேட்டபோதுதான் ஆசை எவ்வளவு பெரியது என்று அவருக்கே தெரிந்தது. "வேணாம் சார். நான் இடத்தை விட்டு வைக்கிறேன். வந்தா வரட்டும்."

அடுத்த இதழில் வலப்பக்கத்தில் இப்படி வந்தது: "சென்ற மாதம் நான் சண்டை மூட்டிய இரண்டு தட்டுகளும் ஒரே பதிவு. மலிவானதை வாங்குங்கள், குறை ஒன்றும் இல்லை. நான் விலை உயர்ந்ததைக் கேட்காமலும், மலிவானதை அரைக் காதால் மட்டும் கேட்டும் எழுதினேன். இந்தப் பக்கத்தில் உசத்தி எழுதி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. அதன் பிறகு வந்தவை என் கைவேலை. அவர் அதை எல்லாம் இன்னும் நன்றாகச் சொல்லியிருப்பார். அவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்." இடப்பக்கத்தில் மேலே 'உசத்தி' என்ற தலைப்பு மட்டும். கீழே கோடு முடியும்வரை வெள்ளைத்தாள்.

வாசகர்கள் கன்னாபின்னாவென்று எழுதினார்கள். ஒருவர் ஏமாற்றுக்காரன் என்றார், ஒருவர் அந்த அம்மாவைச் சமாதானம் செய்து கூட்டிவாருங்கள் என்று பழம் வாங்கிப்போகும் வழியெல்லாம் சொல்லிக்கொடுத்தார். அவர் எல்லாவற்றையும் படித்தார். பொடி எழுத்து எதிலும் இல்லை. கடைக் கதவு மணி அடிக்கும்போதெல்லாம் தலை தானாக நிமிர்ந்தது. வந்தவர்கள் கண்ணாடிக் கால் உடைந்தவர்களாகவே இருந்தார்கள்.

ஐந்தாவது வாரம் கடை விலாசத்துக்கு ஒரு பொட்டலம் வந்தது. பிரேம்கள் என்று நினைத்துக் கத்தரியால் அறுத்தார். உள்ளே சாம்பல் நிறப் பெட்டி. ஓரத்தில், கல்யாணமான வருடம் காபி சிந்திய கறை அப்படியே இருந்தது. மூடியைத் திறந்தால் மடித்த ஒரு சீட்டு.

"வெத்திடத்தைப் பார்த்தேன். நல்லா இருந்துச்சு. ஆனா அதுல எழுத எனக்கு ஒண்ணும் இல்ல, மூடிடுங்க. நாலு வருஷமா நீங்க சொன்னதை எல்லாம் வாங்கிக் கேட்டுட்டுதான் இருந்தேன். நாப்பத்தேழு தட்டு. பாதி தேறாது. இது தேறும். ஒரே பதிவு ஒருத்திகிட்ட ரெண்டு எதுக்கு? பச்சை உறையை நான் வச்சுக்கறேன். இதை நீங்க வச்சுக்குங்க. இயந்திரத்துப் பக்கத்துல போட்டுக் கேட்காதீங்க."

இயந்திரத்தைப் பற்றி அவர் யாரிடமும் சொல்லவில்லை. எழுத்திலேயே அது கேட்டிருக்கிறது அவளுக்கு. அவள் வரப்போவதில்லை என்பது அந்தச் சீட்டில் வெட்டவெளிச்சமாக இருந்தது. இரண்டாம் தடவை படித்துப் பார்க்கத் தேவையிருக்கவில்லை. ஆனாலும் சாயங்காலம்வரை பலமுறை படித்தார்.

வீட்டுக்கு வந்து சாம்பல் பெட்டித் தட்டைப் போட்டார். மூன்றாவது பகுதி வந்தது. வயலின்கள் பேசி ஓய்ந்தன. அவர் சட்டைப்பையிலிருந்து லென்ஸ் துடைக்கும் துணியை எடுத்து, ஒலிபெருக்கி பக்கம் நீட்டினார். செல்லோக்காரர் மூக்கை உறிஞ்சினார். ஆற்றுக்கு அந்தப் பக்கத்து அறையிலும் இதே மனிதர் இதே இடத்தில் உறிஞ்சிக்கொண்டுதான் இருப்பார். "பாவம், துடைச்சுக்கச் சொல்லு" என்று சல்லிசு வாய்விட்டுச் சொன்னார். சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. நாலாவது பகுதி முடிந்து கூடம் நிசப்தமான பிறகும் எழுந்திருக்கவில்லை. அப்புறம் பெட்டியை மூடி, காலியாக இருந்த இடப்பக்கப் பலகையில், அது எப்போதும் இருந்த முதல் இடத்தில் வைத்தார்.