செக்கிங் டேபிளில் ஒரு விமானம்

எலியா தீர்க்கதரிசியைப் பேட்டி எடுக்க முடியாது என்பதைக்கூட என் தம்பிக்கு நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. அக்கினி ரதத்தில் வானத்துக்குப் போனவர் அவர், ஆகவே உலகத்தின் முதல் விமானி அவரே, அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசத் தயார் என்று எங்கள் சபை உபதேசியார் சொல்லி அனுப்பியிருந்தார். ஆலன் அதையும் பயபக்தியோடு எழுதிக்கொண்டு வந்து என் முன்னால் உட்கார்ந்திருந்தான்.

"வேணாம்னா உபதேசியார் கோச்சுக்குவாருக்கா."

"கோச்சுக்கட்டும். போடு அம்பு."

அம்பு என்றால் சிவப்பு அம்பு ஸ்டிக்கர். நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் சூப்பர்வைசர். தையல் விட்டிருந்தாலோ, பசை வழிந்திருந்தாலோ, தோலில் கீறல் இருந்தாலோ, தப்பு இருக்கும் இடத்தைக் காட்டி ஒரு சின்ன அம்பை ஒட்டித் திருப்பி அனுப்புவது என் வேலை. லைனில் இருக்கும் பெண்கள் எனக்கு 'அம்பு அக்கா' என்று பேர் வைத்திருக்கிறார்கள். என் நிஜப் பேர் இன்பம். அதைக் கேட்டால் அவர்களுக்குச் சிரிப்பு வருகிறதாம்.

ஆலன் வேலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுக்கிறான். சின்ன வயசிலிருந்தே விமானப் பைத்தியம். இரண்டாயிரத்து எட்டாம் வருஷம் இன்டர்நெட்டில் பாட்காஸ்ட் என்று ஒன்றை ஆரம்பித்தான். ரேடியோ மாதிரிதான், கேட்கிறவர்கள் மட்டும் ரொம்பக் கம்மி. விமான வரலாற்றைப் பற்றித் தமிழில் பேட்டிகள், பேர் 'ஓடுதளம்'. கேட்டவர்களில் பாதிப் பேர் துபாயில் இருக்கும் எங்கள் சொந்தக்காரர்கள். மீதிப் பேரில் ஒருவர் பெங்களூரில் இருக்கும் ரிட்டயர்டான விமானப்படை அதிகாரி. அவரை நாங்கள் கமாண்டர் என்போம். ஒரு தப்பையும் விட மாட்டார் மனுஷன். எனக்கு அவரைப் பிடிக்கும்.

ராணிப்பேட்டையில் ஒருவர், மோட்டார் பம்பை வைத்து ஹெலிகாப்டர் செய்து தென்னை மர உயரத்துக்குப் பறந்ததாக ஆலனிடம் அளந்துவிட்டிருந்தார். இந்தப் பைத்தியமும் வாயைப் பிளந்துகொண்டு கேட்டுப் பதிவு செய்து போட்டுவிட்டது. கமாண்டர் மூன்றே கேள்விதான் எழுதிக் கேட்டார். ராணிப்பேட்டைக்காரர் அதோடு போனை எடுப்பதையே நிறுத்திவிட்டார். ஊரே சிரித்தது. பேட்டியை இன்டர்நெட்டிலிருந்து நீக்கிவிட்டு ஒரு வாரம் சோறு தண்ணி இறங்காமல் கிடந்தான் ஆலன். இன்னொரு தடவை இப்படி ஆனால் கடையை மூடிவிடுவேன் என்றான். அதற்குப் பிறகுதான் எந்தத் தலைப்பும் என்னிடம் பாஸ் ஆகாமல் மைக்குக்குப் போகக் கூடாது என்று நான் சட்டம் போட்டேன்.

அன்றைக்கு வந்த தலைப்புகளில் எலியா போய்விட்டார். அடுத்து எங்கள் சித்தி, முதன்முதலில் துபாய்க்குப் பறந்த அனுபவம்.

"சித்தி வழியெல்லாம் வாந்தி எடுத்துச்சி. அது வரலாறா?"

அம்பு. ஆம்பூரிலிருந்து டெல்லிக்கு விமானத்தில் பிரியாணி அனுப்பிய மாஸ்டர்.

"பிரியாணிதானே பறந்துச்சி? அவரு பறக்கலயே."

அம்பு. வேலூருக்குப் பக்கத்தில் ஆடு மேயும் பழைய ஓடுபாதை.

"ஆட்டையா பேட்டி எடுப்ப?"

அம்பு. கடைசியாக ஒன்று மிச்சம் இருந்தது. அதைப் படிக்கும்போது ஆலனுடைய குரல் இறங்கிவிட்டது.

"பெரிய சாஹிப்போட விமானம்."

நான் ஸ்டிக்கர் ஷீட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

பெரிய சாஹிப் என்றால் நசீர் அகமது சாஹிப், எங்கள் முதலாளியின் அப்பா. அறுபத்தைந்து வயசு. கம்பெனியை மகனிடம் கொடுத்துவிட்டாலும் தினமும் வந்து லைனை ஒரு சுற்று சுற்றாமல் அவருக்குச் சாப்பாடு இறங்காது. ஒரு பொம்பளை சூப்பர்வைசரா என்று ஆம்பளைகள் முறைத்துக்கொண்டபோது, 'அவ கண்ணு உங்க யாருக்குடா இருக்குது?' என்று அதட்டி என்னை அந்த நாற்காலியில் உட்கார வைத்தவர் அவர்தான்.

அவரிடம் ஒரு கதை இருந்தது. அவர் பையனாக இருந்தபோது பாலாற்று மணலில் ஒரு விமானம் இறங்கியது, அதில் அவர் ஒரு ரவுண்டு போய் வந்தார். இதை அவர் யாருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. ஷூ வாங்க இத்தாலி பையர் வந்தாலும் சொல்வார், கரண்ட் மீட்டர் பார்க்க வருகிறவனுக்கும் சொல்வார். கதை தொடங்கினால் அவருடைய டிரைவர் துரைசாமி அண்ணன் காரை விட்டு உள்ளே வந்து சுவரோரம் நிற்பார். மகன் மட்டும் எழுந்து போய்விடுவார். அப்பா ரீல் விட ஆரம்பித்துவிட்டார் என்று பேரப்பிள்ளைகளிடம் கண்ணடிப்பார். பெரிய சாஹிப்புக்கு அது தெரியும்.

"இன்பம், உன் தம்பி கம்ப்யூட்டர்ல அது வந்துட்டா, அப்புறம் எவனும் சிரிக்க முடியாதில்ல?" என்று ஒரு நாள் என் டேபிளுக்கே வந்து கேட்டார். "எனக்கு அது போதும்மா. வேற இன்னா வேணும்?"

அந்தக் கதையில் பல விஷயம் ஒவ்வொரு தடவையும் மாறும் என்பது எனக்குத் தெரியும். பாஸ் பண்ணினால் கமாண்டர் கிழித்துத் தோரணம் கட்டுவார், மகனும் பேரன்களும் முன்னைவிட ஜாஸ்தியாகச் சிரிப்பார்கள். ரிஜக்ட் பண்ணினால் நாளைக்கு எந்த முகத்தோடு அவருக்கு சலாம் சொல்வது? கர்த்தரே என்று கையைப் பிசைந்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் ஆலனையும் சாஹிப்பையும் கம்பெனிக்கு வரச் சொன்னேன். முதலில் கேட்போம், பிறகு பார்ப்போம் என்று.

சாம்பிள் ரூமில்தான் ஏற்பாடு. நான்கு சுவரிலும் தோல் அடுக்கியிருப்பதால் அங்கே எதிரொலி வராது என்று ஆலன் கண்டுபிடித்து வைத்திருந்தான். பெரிய சாஹிப் சலவைச் சட்டையும் அத்தர் வாசனையுமாக மாப்பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்தார். துரைசாமி அண்ணன் டீ ஃபிளாஸ்க்கோடு சுவரோரம் நின்றார். அவருக்கும் சாஹிப் வயசுதான். உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை.

"அந்த வருஷம் பாலாறு காஞ்சி கெடந்துச்சி," என்று ஆரம்பித்தார் சாஹிப். "பைலட்டு சின்னப் பையன். பெங்களூர்லேர்ந்து ரயில் தண்டவாளத்தப் பாத்துக்கினே மெட்ராஸ் போறான். மேகம் மூடிக்கிச்சி, எண்ணெயும் தீந்துடுச்சி. மணல்ல எறக்கிட்டான். நாங்க ஓடறோம். அவன் குதிக்கறான், பாத்தா லெஃப்ட் ஷூவுல சோல் பிஞ்சி தொங்குது!"

எத்தனையோ தடவை கேட்ட கதை. லெஃப்ட் ஷூ ஒரு தடவையும் ரைட் ஷூவாக மாறியதில்லை. அவருடைய அப்பாவின் தோல் பதனிடும் டேனரியில் அதைத் தைத்துக் கொடுத்தது, பைலட் ராத்திரி அவர்கள் வீட்டில் தங்கியது, மறுநாள் லாரியில் எண்ணெய் வந்தது, எல்லாம் சுத்தம். நான் ஸ்டிக்கர் ஷீட்டைத் தொடவே இல்லை.

"போறதுக்கு முன்னாடி, உங்களுக்கு நான் இன்னா செய்யறதுன்னு கேட்டான். ஒரு ரவுண்டு கூட்டிக்கினு போன்னோம். ரெண்டே சீட்டுதான். ஒண்ணுல அவன். இன்னொண்ணுல..." தண்ணீர் குடித்தார். "நான் ஏறினேன்."

விமானம் மேலே எழும்பியது. என் விரலும் ஷீட்டுக்குப் போனது. வேலூர் கோட்டை தெரிந்தது என்றார். ஆம்பூர் எங்கே, வேலூர் எங்கே! மேஜையில் ஓர் அம்பு. போன மாதம் பையரிடம் கடல் தெரிந்தது என்றவர் இவர்தான். இன்னொரு அம்பு. மூன்று சுற்று சுற்றியதாம், முன்பெல்லாம் ஒரே சுற்று. மேலே இருந்து பார்த்தால் காயப்போட்ட தோலெல்லாம் அப்பளம் மாதிரி இருந்ததாம். இது புதுசு. ஒவ்வொன்றும் சொல்லி முடித்ததும் அவர் கண் துரைசாமி அண்ணன் பக்கம் போய்விட்டு வந்தது. அண்ணன் ஃபிளாஸ்க் மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.

மேஜையைப் பார்த்தேன். ஷூ செய்யும்போது காலுக்குப் பதிலாக உள்ளே ஒரு பிளாஸ்டிக் கட்டை வைப்போம். இங்கொன்றும் அங்கொன்றுமாகத் தப்பு வந்தால் அது வேலை செய்தவர்களின் கைத்தப்பு. ஜோடிக்கு ஜோடி ஒரே இடத்தில் வந்தால், தைக்கிறவளைத் திட்டி லாபம் இல்லை, உள்ளே இருக்கும் கட்டையே கோணல். சாஹிப்புக்குத் தரையில் ஒரு பிசகு இல்லை. மேலே போனால்தான் எல்லாம் கோணல். எனக்குப் பகீரென்றது.

"ஆலன், மைக்க நிறுத்து. சாஹிப், ஒண்ணு கேட்டா கோச்சுக்க மாட்டீங்களே?"

"கேளும்மா."

"மேல போனது யாரு?"

மேஜைக்குக் கீழே ஆலன் என் காலை மிதித்தான். சாஹிப் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"விடுங்க மொதலாளி. வீட்டுக்குப் போலாம்," என்றார் துரைசாமி அண்ணன்.

"நில்லுடா," என்றார் சாஹிப். பிறகு என்னைப் பார்த்தார். "நான் ஒரு கால எடுத்து உள்ள வச்சேன் இன்பம். இஞ்சின் சத்தம் கேட்டுச்சி. பயந்துட்டேன், எறங்கிட்டேன். இவன் எங்க டேனரியில தோலு சொமக்கற பையன், என் தோஸ்த்து. டிரவுசர்ல ஓட்டை. சடார்னு ஏறிட்டான். எறங்கி வந்து ரெண்டு நாளு எவன்கிட்டயும் பேசல. அப்படி இன்னா பாத்தானோன்னு எனக்குத் தூக்கமே போச்சி."

"அப்புறம் ஏன் சாஹிப் நீங்க போனதா..."

"மொதல்ல இவன் போனான்னுதான் சொன்னேன். தோலு சொமக்கறவனாவது பறக்கறதாவதுன்னு எல்லாரும் சிரிச்சானுங்க. நான் போனேன்னேன், நம்பினானுங்க. அப்படியே ஒட்டிக்கிச்சி."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பறந்தவர் இத்தனை வருஷமாகக் கார் கதவைத் திறந்து விட்டுக்கொண்டு நிற்கிறார், பறக்காதவர் அத்தர் போட்டுக்கொண்டு பேட்டி கொடுக்கிறார். முதலாளியாவது ஒண்ணாவது என்று வாய்வரை வந்துவிட்டது. ஆனால் சாஹிப் அதற்குள் மைக்கைப் பிடித்து மேஜையின் அந்தக் கோடிக்குத் தள்ளினார்.

"அவன் சொல்லட்டும். அவன்தான் போனான். சிரிக்கறவன் சிரிக்கட்டும்."

ஒரு நாற்காலியை இழுத்துப்போட்டுத் துரைசாமி அண்ணனைத் தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். ஆலனுக்கு முகமெல்லாம் பல்.

"அண்ணே, மேல போனதும் இன்னா பாத்தீங்க?"

அண்ணன் சாஹிப்பைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மைக்கைப் பார்த்தார்.

"ஒண்ணும் பாக்கலபா."

"இன்னாது?"

"கண்ண இறுக்கி மூடிக்கினேன். இஞ்சின் நின்னப்புறந்தான் தொறந்தேன்."

"அப்போ ரெண்டு நாளு பேசாம இருந்தது?" என்று கத்தினார் சாஹிப்.

"வாயத் தொறந்தா வாந்தி வரும்போல இருந்துச்சி."

"அடப் படவா!" சாஹிப் எழுந்தே விட்டார். "உன்னப் பாத்து அம்பது வருஷமா வயிறெரிஞ்சிக்கினு கெடந்தேனேடா! ஒரு வார்த்த சொல்லக் கூடாது?"

"நான் எதுக்கு நசீரு சொல்லணும்?" துரைசாமி அண்ணன் சாஹிப்பைப் பேர் சொல்லி அழைத்து அன்றைக்குத்தான் கேட்டேன். "போனது நானு. எனக்குன்னு ஒண்ணும் இல்ல, இருட்டுதான். நீ சொல்லச் சொல்லத்தான் நானே பாத்தேன், கோட்டை, கடலு, எல்லாம். நீ கதைய எடுத்தா நான் காரு கிட்ட நிக்காம உள்ள ஓடியார்றேனே, டீ குடுக்கவா வர்றேன்? அப்பளம் மாதிரின்னு இன்னிக்கி சொன்ன பாரு, நல்லா இருந்துச்சி."

சாஹிப் உட்கார்ந்துவிட்டார். முதலில் இருமல் மாதிரி வந்தது, பிறகுதான் சிரிப்பு என்று தெரிந்தது. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து அதைத் துடைக்கக்கூட மறந்துபோனார். என் கோபம் போன இடம் தெரியவில்லை.

"அக்கா, நான் மைக்க நிறுத்தவே இல்ல," என்று ஆலன் கிசுகிசுத்தான். "போட்டுடலாமா? கமாண்டர் கேப்பாரே?"

"கேக்கட்டும். பறந்தவரு பாக்கல, பாத்தவரு பறக்கலன்னு நடந்தத அப்படியே சொல்லு. அதுக்கு மேல கேட்டாருன்னா என் நம்பரக் குடு."

சாஹிப் தன் நாற்காலியைத் தரையில் கிறீச்சிட இழுத்துக்கொண்டுபோய் துரைசாமி அண்ணன் பக்கத்தில் போட்டார். முழங்கை இடிக்கிற அளவுக்கு.

"தம்பி, மறுபடி மொதல்லேர்ந்து. கீழ நடந்தத நான் சொல்றேன். நான் பயந்து எறங்கினதையும் சொல்றேன், என் புள்ள நல்லா கேக்கட்டும்."

"மேல போனத?"

"அதையும் நான்தான் சொல்வேன். இவன் மொதல்ல கண்ணத் தொறக்கட்டும்."

சொன்னார். மணல், பிய்ந்த சோல், லாரியில் வந்த எண்ணெய். ஒரு காலை உள்ளே வைத்து எடுத்தது. துரை ஏறிக்கொண்டது. விமானம் எழும்பியது. அந்த இடம் வந்ததும் சாஹிப்பின் குரல் தணிந்தது, மைக்கை மறந்து பக்கத்து நாற்காலிக்குத் திரும்பிவிட்டார்.

"அதோ பாருடா துரை, கோட்டை."

பழக்கத்தில் என் கை ஸ்டிக்கர் ஷீட்டுக்குப் போனது. துரைசாமி அண்ணன் தோல் அடுக்கியிருந்த எதிர்ச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். மெல்லத் தலையாட்டினார், ஆமாம் என்பதுபோல. நான் ஷீட்டை மடித்து ஹேண்ட்பேக்கில் போட்டு ஜிப்பை இழுத்து மூடினேன்.