திருநாளன்று வராத அழைப்பு

எழுவைதீவுக்குப் போகிற படகில் யசிந்தன் முன்பக்கமாகப் போய் இருந்தான். அலை தெறித்து முகத்தில் அடிக்கிற இடம் என்பதால் அங்கே யாரும் வந்து பேச்சுக் கொடுக்கமாட்டார்கள். அன்று அவனுக்கு அந்த இடம்தான் வேண்டியிருந்தது.

ஊர்காவற்றுறையில் அன்னம்மாள் மருத்துவ நிலையத்தை நடத்துகிற சிஸ்ரர் கிறேஸ் அவனிடம் ஒரு வேலை சொல்லி அனுப்பியிருந்தார். தீவிலுள்ள மருந்தறைப் பூட்டின் திறப்பை, அங்கே வேலை பார்க்கிற ஜெனீற்றாவிடமிருந்து வாங்கி வர வேண்டும். மருந்தறையைப் பார்த்துக்கொள்ள இனி வேறு ஆள் வருவார்.

நடந்தது இதுதான். போன கிழமை மீன்பிடிக்கப் போன இலட்சுமணனின் காலில் திருக்கை முள் ஏறிவிட்டது. ஜெனீற்றா மருந்தறை ஃபோனில் நிலையத்து டொக்டரை அழைத்தாள். பதில் இல்லை. மறுபக்கம் டொக்டரும் அன்று தீவுக்கு எடுத்துப் பார்த்திருக்கிறார், அங்கே மணி அடிக்கவில்லை. கடைசியில் கொந்தளித்த கடலில் மனிதரைப் படகில் போட்டுக் கொண்டுவந்தார்கள். கால் தப்பியது. ஆனால் வலியில் அவர் பட்ட பாட்டைப் படகில் இருந்தவர்கள் இன்னும் சொல்கிறார்கள்.

நிலையத்தில் மற்ற எல்லாமே ஒழுங்காக வேலை செய்தன. அதனால் தேத்தண்ணீர் போட ஜெனீற்றா ஃபோன் வயரைக் கழற்றிக் மின்சாரக் கேத்திலைச் செருகியிருப்பாள் என்று யாரோ சொல்ல, அதையே ஊரும் பிடித்துக்கொண்டது.

நிலையத்து ஃபோன் வலையமைப்பைப் பொருத்தியவன் யசிந்தன். படகேறிய அன்று காலை அதன் பெட்டிகள் இருக்கிற அலுமாரியைத் திறந்து பார்த்தபோதே அவனுக்குப் பிழை விளங்கிவிட்டது. நின்றுபோயிருந்த மேல்தட்டுப் பெட்டியை ஓடவைத்து, பிழையையும் சத்தமில்லாமல் திருத்தினான். "இப்ப எல்லாம் சரி சிஸ்ரர்" என்றான்.

"அப்ப எங்கடை பக்கம் பிழையில்லை. அவதான் வயரைக் கழட்டியிருக்கிறா" என்றார் சிஸ்ரர்.

அந்த இடத்தில் ஒரு சொல் சொல்லியிருக்கலாம். அவன் குனிந்து வயரைச் சுருட்டினான்.

படகு இறங்குதுறையை அணைந்தது. ஓட்டி பிலிப்பு பொதிகளைத் தூக்கித் தூக்கிப் பெயர் கூப்பிட்டார். "இலட்சுமணன் வீடு!"

"ஓம், என்னட்டைத் தாங்கோ" என்று ஜெனீற்றா முன்னால் வந்தாள். இலட்சுமணன் வீடு தீவின் மறுகரையில் இருக்கிறது. படகு வந்த சத்தமே அங்கே கேட்காது. கரையில் நிற்கிறவர் குரல் கொடுத்து வாங்கி, கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தத் தீவின் வழக்கம்.

"கேத்தில் கொதிச்சுதோ பிள்ளை?" என்றார் பிலிப்பு. இரண்டொருவர் சிரித்தார்கள்.

"கொதிச்சால் உங்களுக்குத்தான் முதல் கோப்பை, அண்ணை" என்றாள் அவள். கண்கள் மட்டும் பொதியிலேயே இருந்தன.

யசிந்தனுக்குக் காது சுட்டது. அவனுடைய பிழையும் இப்படிக் குரல் கொடுக்கிற காரியத்தில்தான் நடந்திருந்தது. டொக்டரின் ஃபோன் தீவு ஃபோனைத் தேடும்போது, இந்த இலக்கத்துக்குரியவர் யார் என்று கட்டடம் முழுக்கக் கேட்கும். கடலுக்கு அப்பால் இருக்கிற ஃபோனுக்கு அந்தக் கேள்வி எட்டாது. அதன் சார்பில் அலுமாரியிலுள்ள சுவிட்ச் என்ற வலையமைப்புப் பெட்டி 'நான்தான், என்னிடம் தா' என்று பதில் சொல்லி வாங்கி, அக்கரைக்கு அனுப்பும். தொழிலில் அதற்குப் புறொக்சி ஆர்ப் என்று பேர். ஒன்று பழுதானால் மற்றது பார்க்கட்டும் என்று சுவிட்சுகளைச் சோடியாக வைத்து, இரண்டுக்கும் பொதுவாக ஒரு விலாசம் கொடுத்திருந்தான். பதில் சொல்லும்போது அந்தப் பொது விலாசத்தைத்தான் சொல்ல வேண்டும். மேல்தட்டுச் சுவிட்சோ தன் சொந்த விலாசத்தையே சொல்லிக்கொண்டிருந்தது. அதை அப்படி விட்டவன் அவன். போன கிழமை அந்தச் சுவிட்ச் நின்றது. கீழ்த்தட்டுச் சுவிட்ச் மற்ற வேலைகளையெல்லாம் எடுத்துக்கொண்டது. டொக்டரின் ஃபோன் மட்டும் முன்பு கேட்ட விலாசத்தையே நம்பி, தீவுக்கான எல்லாவற்றையும், ஜெனீற்றாவின் அழைப்புக்குப் போக வேண்டிய பதிலையும்கூட, செத்துப்போன பெட்டிக்கே அனுப்பிக்கொண்டிருந்தது.

மேல்தட்டை நிறுத்திவிட்டுத் தீவுக்கு ஓர் அழைப்பு எடுத்துப் பார்த்திருந்தால் பொருத்திய அன்றே பிழை தெரிந்திருக்கும். அன்று கோயில் திருநாள். மாதாவின் சொரூபம் தூக்க அவனுக்கும் ஓர் இடம் கிடைத்திருந்தது. தீவுச் சனமெல்லாம் படகேறித் திருநாளுக்கு வந்துவிட்டது, அங்கே யார் ஃபோன் எடுக்கப்போகிறார்கள் என்று தனக்குத்தானே சொல்லி, அலுமாரியைப் பூட்டிவிட்டு ஓடினான்.

மருந்தறைக்குள் போனதும் ஜெனீற்றா கதிரையைத் துடைத்துப் போட்டாள். பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணீர் ஊற்றினாள்.

"வீட்டிலை போட்டுக் கொண்டுவாறன் தம்பி. இஞ்சை கேத்தில் வைச்சால் கதைப்பினம்."

அவன் கோப்பையை மேசையில் வைத்தான். "அக்கா, சிஸ்ரர்..." என்று தொடங்கினான்.

"திறப்புத்தானே. பிலிப்பு அண்ணை துறையிலையே சொன்னவர்." அவள் திறப்பை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு ஃபோனைப் பார்த்தாள். "எனக்கு ஒண்டுதான் விளங்கேல்லை. அண்டைக்கு நீர் எடுத்துப் பாத்திருந்தால் இதிலை என்ன பிழையெண்டு தெரிஞ்சிருக்குமோ?"

"எண்டைக்கு?"

"திருநாளண்டைக்கு. பின்னேரம் எடுப்பன், ஆராவது ஃபோனடியிலை இருக்கோணும் எண்டு நீர் சொல்லிவிட்டதாம். எல்லாரும் கோயிலுக்கு வெளிக்கிட்டிச்சினம். நான் நிண்டிட்டன். இருட்டுமட்டும் இருந்தனான். உமக்கு வேலை கூடிப்போச்சாக்கும் எண்டு நினைச்சன்."

"சிஸ்ரரிட்டை இதைச் சொல்லேல்லையோ?"

"சொன்னால் உம்மைக் குறை சொன்ன மாதிரிப் போகும். நீரும் உழைக்கிற பிள்ளை."

யசிந்தன் தலை குனிந்தான். தோளில் சொரூபத்தைச் சுமந்துகொண்டு மாதாவின் மன்றாட்டுப் பாடிய அந்த நேரத்தில், ஒரு பெண் பூசையையும் விட்டுவிட்டு அவனுடைய ஒரு சொல்லுக்காக இந்த ஃபோனடியில் காத்திருந்திருக்கிறாள். ஆண்டவர் அன்று எந்த இடத்தில் இருந்திருப்பார் என்று அவனுக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அவன் ஃபோனை எடுத்து நிலையத்தை அழைத்தான்.

"சிஸ்ரர், அலுமாரியிலை மேல்தட்டுப் பெட்டியின்ரை பிளக்கைக் கழட்டிப்போட்டு இஞ்சை ஃபோன் எடுங்கோ."

"ஏன் இப்ப அது?"

"அண்டைக்கு நான் செய்யாமல் விட்டது சிஸ்ரர். பிழை என்னிலைதான். காலமை திருத்தினனான், ஆனால் உங்களுக்குச் சொல்லேல்லை. ஜெனீற்றா அக்கா வயரிலை கை வைக்கேல்லை. திருநாளுக்கும் வராமல் என்ரை அழைப்புக்காக இஞ்சை இருந்தவ. நான் எடுக்கேல்லை."

மறுபக்கத்தில் அழைப்பு அறுந்தது.

இருவரும் ஃபோனைப் பார்த்தபடி இருந்தார்கள். வெளியே ஆடு ஒன்று வேலியை இழுத்துத் தின்றது. எடுப்பாரோ மாட்டாரோ என்று காத்திருப்பது எப்படி இருக்கும் என்பது அப்போதுதான் அவனுக்குத் தெரிந்தது.

மணி அடித்தது.

அவன் கை நீட்டவில்லை. "நீங்கள் எடுங்கோ அக்கா."

"ஓம் சிஸ்ரர்... ஓம், வடிவாக் கேக்குது... இல்லை சிஸ்ரர், அப்பிடிச் சொல்லாதேங்கோ..." பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். ஃபோனை வைத்தபோது சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். மேசையில் கிடந்த திறப்பை எடுத்து இடுப்பில் செருகினாள்.

"உம்மிலை சரியான கோவம் சிஸ்ரருக்கு" என்றாள்.

"வரத்தானே வேணும்."

அவன் எழுந்து இலட்சுமணனின் பொதியைத் தூக்கினான். "இதை நான் கொண்டுபோய்க் குடுக்கிறன். அவரிட்டையும் சொல்லோணும்."

"பேசுவார். வாய் கூடின மனுசன்."

"பேசட்டும் அக்கா."

அவன் வாசலைத் தாண்டும்போது ஜெனீற்றா பின்னால் வந்தாள். "நில்லும், வீடு உமக்குத் தெரியாதே" என்று மருந்தறையைப் பூட்டினாள்.