எத்மேயின் வாக்கு

எத்மே சவ்வா தேர்தலில் ஜெயித்த அன்று, எங்கள் லான்ஸ்-கிரீஸ் துறையில் நின்ற படகுகள் எல்லாம் ஹாரன் அடித்தன. நண்டு ஆலையில் கத்தியும் கையுமாக நின்றவள் அவள். முதலாளி கூலியைக் குறைத்தபோது பெண்களைத் திரட்டி ஆலை வாசலில் உட்கார வைத்தவள். கனடாவின் இந்தக் கிழக்குக் கரையில் பிரெஞ்சு பேசும் அக்காடியர்கள் நாங்கள். எங்களில் ஒருத்தி, மீன் வாடை போகாத கையோடு, மாகாண சட்டமன்றத்தில் போய் உட்காருவது எங்களுக்குச் சின்ன விஷயமில்லை.

சந்தேகம் அவள் பதவியின் மூன்றாம் வருஷம் வந்தது. எங்கள் மருத்துவமனையின் அவசரப் பிரிவை இனி இரவில் மூடிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டது. மூட நினைத்தது ஆட்சியில் இருந்த எத்மேயின் சொந்தக் கட்சி. அவளோ வாயே திறக்கவில்லை.

பேசாதவளைப் பற்றி ஊர் பேசத் தொடங்கியது. அவள் புருஷன் ரெயாலுக்கு அரசாங்கச் சாலைகளில் பனி தள்ளும் வேலை கிடைத்தது எப்படி? தலைநகரில் அவளுக்கு வீடு எதற்கு? துறையில் வலை உலர்த்திக்கொண்டே லெயாந்த்ர் சொன்னான்: "முன்னாடி எல்லாம் கூப்பிட்டா ஓடி வருவா. இப்போ போன் அடிச்சா ஒரு பொண்ணு எடுத்து இங்கிலீஷ்ல பேர் கேக்குது. என் பேரு அவளுக்குத் தெரியாதாமா?"

எத்மேயின் அக்கா தெலீமா முதலில் இதையெல்லாம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆலையை விட்டபின் அவள் அந்த மருத்துவமனைச் சமையலறையில்தான் வேலை பார்த்தாள். முந்தைய மே மாதம் அவள் புருஷன் இவோனின் காலில் நண்டு பிடிக்கும் கூண்டின் கயிறு சுற்றிக் கடலுக்குள் இழுத்துப் போனது. பனிக்கட்டி போன்ற தண்ணீரில் விறைத்துப் போனவனைப் பிழைக்க வைத்தது அந்த அவசரப் பிரிவு. அடுத்த மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் வழியிலேயே போயிருப்பான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எத்மே சாப்பிட வந்தாள். தெலீமா உருளைக்கிழங்கைத் துருவி உருட்டி, உள்ளே பன்றிக்கறி வைத்து வேக வைத்திருந்தாள். தங்கை ஒரு உருண்டையைப் பிட்டதும் அக்கா கேட்டாள்.

"மூடப்போறாங்களா, இல்லையா?"

"அக்கா, கட்சிக்குள்ள பேசுறத வெளிய சொல்லக் கூடாது."

"நான் வெளியவாடி?"

"அப்படி இல்ல."

"உள்ள நீ என்ன சொன்னே? அதையாவது சொல்லு. வேணாம்னு சொன்னியா, இல்ல தலையை ஆட்டிட்டு வந்தியா?"

"என்னை நம்பு."

"ஆலை வாசல்ல எங்களை உக்கார வெச்சப்போ, முதலாளிகிட்ட பேசின ஒவ்வொரு வார்த்தையும் வந்து சொன்னே. அப்போ நம்பச் சொல்லிக் கேக்கவே இல்ல."

எத்மே எழுந்து கோட்டை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் வீட்டுப் பக்கம் திரும்பாமல் கார் நேராக நெடுஞ்சாலைக்குப் போவதைத் தெலீமா ஜன்னலில் பார்த்தாள். ஞாயிற்றுக்கிழமை தலைநகரில் இவளுக்கு யாரோடு வேலை என்று அவளுக்கும் தோன்ற ஆரம்பித்தது.

ஆகஸ்ட் பதினைந்து, மாதா திருநாள். அன்று நாங்கள் சட்டி, மூடி, தகரம் எல்லாவற்றையும் தட்டிக்கொண்டு தெருவெல்லாம் சுற்றுவோம். முன்னொரு காலத்தில் எங்களை இந்தக் கரையிலிருந்து துரத்திய ஆங்கிலேயர்களின் வாரிசுகளுக்கும் கேட்கட்டும், நாங்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறோம் என்று. எத்மே ஒரு பழைய வாணலியோடு கோயில் முன்னால் வந்து கூட்டத்தில் நுழைந்தாள். அவளைச் சுற்றி இருந்தவர்கள் தட்டுவதை நிறுத்தினார்கள். பிறகு அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்களும் நிறுத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் தெருவில் அவள் வாணலிச் சத்தம் மட்டும்தான். அவள் நிறுத்தவில்லை. கண்ணில் நீர் வழிய, துறை வரைக்கும் தட்டிக்கொண்டே நடந்தாள். தெலீமா கரண்டியைக் கீழே தொங்கவிட்டபடி கூட்டத்தோடு நின்றாள்.

இலையுதிர் காலத்தில், எங்களுடையதைப் போன்ற அவசரப் பிரிவுகளை இரவில் மூடும் சட்டம் வாக்கெடுப்புக்கு வந்தது. மருத்துவமனைச் சாப்பாட்டு அறைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தோம். கட்சிக்காரர்கள் ஒவ்வொருவராக ஆதரித்து எழுந்தார்கள். எத்மே உட்கார்ந்தே இருந்தாள். எதிர்ப்பவர்களைக் கூப்பிட்டபோதுதான் எழுந்தாள். அவள் கட்சி வரிசையில் எழுந்தது அவள் ஒருத்திதான்.

சட்டம் நிறைவேறியது. மறுநாளே அவளைக் கட்சியிலிருந்து நீக்கினார்கள். ஆனால் அவளைப் பார்த்து வேறு ஊர்களும் தெருவுக்கு வந்தன. பனிக்காலம் முடியும் முன் அரசாங்கம் பின்வாங்கியது. எங்கள் அவசரப் பிரிவில் விளக்கு அணையவில்லை.

ஊர் சமாதானமாகிவிட்டது என்றா நினைக்கிறீர்கள்? லெயாந்த்ர் துறையில் சொன்னான்: "எல்லாம் பேசி வெச்ச நாடகம். அவ ஒரு ஓட்டு இல்லாமலே சட்டம் ஜெயிக்கும்னு அவங்களுக்குத் தெரியும். நீ எழுந்துக்கோ, ஊர்ல பேர் வாங்கிக்கோன்னு அனுப்பியிருக்காங்க."

"கட்சியை விட்டே துரத்திட்டாங்களேப்பா," என்றான் இவோன்.

"ரெயாலோட பனி தள்ளுற வேலையைப் பிடுங்கினாங்களா? இல்லையே!"

அடுத்த தேர்தலில் எத்மே கட்சியில்லாமல் தனியாக நின்றாள், தோற்றாள். எங்கள் ஊர் வாக்குச் சாவடியிலேயே அவளுக்குக் குறைவாகத்தான் ஓட்டு விழுந்திருந்தது. தலைநகர் வீட்டைக் காலி செய்துவிட்டு வந்தாள். அது வாடகை வீடுதான் என்று சாமான் ஏற்றின லாரிக்காரன் சொல்லித்தான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆலையில் அவளைத் திரும்பச் சேர்க்கவில்லை. தபால் நிலையத்தில் வேலை கிடைத்தது. முத்திரை குத்திக் கடிதத்தை நீட்டும்போது எதிரில் நிற்பவர் முகத்தை ஒரு நொடி கூடுதலாகப் பார்ப்பாள். நானும் அந்தப் பார்வையை வாங்கியிருக்கிறேன்.

தெலீமா ஒருநாள் மட்டி சூப்போடு அவள் வீட்டுக்குப் போனாள். பாத்திரத்தை அடுப்பில் வைத்துவிட்டுச் சொன்னாள்: "அன்னிக்கு நான் கேட்டது தப்பு இல்ல. நீ சொல்லாததும் தப்பு இல்லன்னு இப்போ தோணுது."

எத்மே கிண்ணங்களை எடுத்து வைத்தாள். "அக்கா, ஒண்ணு கேக்கட்டுமா? எனக்கு ஓட்டுப் போட்டியா?"

"போட்டேன்."

எத்மே அவளையே பார்த்தாள்.

"நிஜமாடி. போட்டேன்."

"சரி," என்றாள் எத்மே.

தெலீமா உண்மையாகவே அவளுக்குத்தான் போட்டிருந்தாள். ஆனால் திரைக்குப் பின்னால் போட்டதை எப்படிக் காட்டுவது? இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து சூப்பைக் குடித்தார்கள். உப்பு கொஞ்சம் தூக்கல் என்றாள் எத்மே. கடல் தண்ணி அப்படி என்றாள் அக்கா.