மடிச்சு வச்ச தொழுகைப் பாய்

அதான் சொல்றேன்ல, எங்க நஃபீசா லாத்தா பீரியட்ஸுக்கு முன்னாடி ஒரு வாரம் அப்படித்தான். அழுவா, கத்துவா, சாங்கி ஏர்போர்ட் கார்கோ வேலையையே விட்டுடுவேன்னு சொல்லுவா. பீரியட்ஸ் வந்துட்டா தொழுகை இல்லையே, பாயை மடிச்சு அலமாரியில வச்சிடுவா. மறுநாளே அக்கா சிரிச்சிடுவா. "பாய் உள்ள போச்சு, புயல் போச்சு லா"ன்னு கிண்டல் பண்ணுவேன்.

இந்தத் தடவ பாய் உள்ள போய் நாலு நாளாச்சு. அவ இன்னும் ரூம் லைட்டே போடல, சாப்பிடல. "பிஎம்எஸ்தான்டி, தானா போயிடும்"ங்கிறாங்க உம்மா. இப்பதான் லாத்தா தன் வளையலைக் கழட்டி என் கையில போட்டு, "இனிமே நீயே வச்சுக்க முஸ்கான்"னு மெதுவா சொன்னா.

எல்லாத்தையும் விட்டுட்டுப் போறவ மாதிரி குடுத்தா, எனக்குப் பயமா இருக்கு. அவளைத் தனியா விடாம, இப்பவே டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறேன். இது வெறும் பிஎம்எஸ் இல்லன்னு உங்களுக்கும் தோணுதுல்ல?