ஏரிக்கு அடியில் வெந்நீர்

கற்பூரம் ஏற்றி அணைக்கச் சொன்னால் அணைக்கிறேன். பைபிளை நீட்டினால் அதன்மேலும் கை வைக்கிறேன். இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் வைகாசியில், நானும் பக்கத்து வீட்டுக் கிறிஸ்துதாசும் ஒரகடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர் ஏரிக்குள் நீர்மூழ்கிக் கப்பலில் இறங்கினோம். கப்பல் அவன் செய்தது. மறைமலை நகரில் பார்த்த வெல்டர் வேலையை விட்டுவிட்டு, பழைய டீசல் டேங்க் ஒன்றைப் பிடித்து, கண்ணாடி ஜன்னல் வைத்து, மூச்சுக்கு ஒரு பிவிசி குழாயும் நட்டிருந்தான். ஜனங்களை ஏரிக்கு அடியில் அழைத்துப்போய் மீன் காட்டுவதாகத் திட்டம். ஒரே குறை, சூடு. முதல் சோதனையில் அவனை அவித்த கிழங்கு மாதிரி வெளியே இழுத்துப் போட்டோம்.

அவன் மனைவி லூர்து மேரி கரைமேல் அடிபம்பு பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கம் துணி அடைத்த மஞ்சள் பை. இன்னொரு பக்கம் அம்மா வீட்டுச் சீராக வந்த பித்தளைக் குடம்.

“வாலாஜாபாத் பஸ் வர்ற வரைக்கும் உள்ள இரு. வேவாம வெளில வந்தீனா நான் எங்கம்மா வூட்டுக்குப் போவல. இல்லாங்காட்டி அந்த பஸ்லயே ஏறிடுவேன். திரும்பி வரமாட்டேன்.”

“நடுங்கிகினு வருவேன் பாரு. சொட்டரு எடுத்து வை,” என்றான் அவன்.

ஐஸ் கம்பெனியிலிருந்து கொண்டுவந்த பாளங்களை மரத்தூளோடு சுற்றிலும் அடுக்கினோம். மூடியைச் சாத்தினோம். மூழ்கினோம்.

கொஞ்ச நேரம் சொர்க்கம். அவன் பல் தந்தியடித்தது. பிறகு ஐஸ் உருக ஆரம்பித்தது. வெளியிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே வரவில்லை. வெல்டிங் அவ்வளவு நேர்த்தி. நாங்கள் கொண்டுபோன தண்ணீர்தான் கணுக்காலுக்கு ஏறி, முழங்காலுக்கு வந்தது. முதலில் குளிக்கிற சூடு. அப்புறம் டீ போடுகிற சூடு.

“இன்னாண்ணே, ஆழம் போவப் போவ ஜில்லுனு இருக்கும்னாங்க?” என்று கேட்டான் கிறிஸ்துதாஸ்.

“ஆழம் பத்தலடா,” என்றேன்.

மூடியைத் தள்ளினோம். சூட்டில் உப்பி இறுகிவிட்டிருந்தது. அவன் உள்ளங்கைதான் பொரிந்தது. குழாய் வழியாகக் கத்தலாம் என்றால், அது வெந்த முருங்கைக்காய் மாதிரி வளைந்து தொங்கிவிட்டது. ஜன்னலில் மட்டும் குறை இல்லை. தண்ணீர் அன்று அப்படி ஒரு தெளிவு. ஏரிக்கு அடியிலிருந்து பார்த்தால் கரை, அடிபம்பு, மஞ்சள் பை எல்லாம் துல்லியமாகத் தெரிந்தன. தூரத்தில் பஸ் கிளப்பிய புழுதிகூடத் தெரிந்தது.

மேரி எழுந்து புடவையைத் தட்டிக்கொண்டாள்.

“மேரீ! வேவலடீ! நான் வேவல!”

அவன் குரல் அந்த இரும்புக்குள்ளேயே சுற்றி எங்கள் காதுக்குத்தான் வந்தது. அவள் குனிந்தாள். எதை எடுத்தாள் என்று பார்ப்பதற்குள் கண்ணாடி ஓரத்தைத் தாண்டிவிட்டாள். பஸ் ஹாரன் அடித்தது. கிறிஸ்துதாஸ் வெந்நீரில் உட்கார்ந்துவிட்டான். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். வேர்வைதான் உள்ளே போனது.

தலைக்கு மேல் சுர்ரென்றது. காய்ந்த இரும்பில் ஒரு குடம் தண்ணீர் விழுகிற சத்தம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு குடம்.

“இன்னும் வேவலியா?” மேலேயிருந்து மேரியின் குரல்.

அவன் மூடியில் கன்னத்தை ஒட்டவைத்து, “இல்ல மேரி,” என்றான், சின்னக் குரலில்.

கரையில் ஹாரன் மறுபடி அடித்தது. மூன்றாவது குடம் விழுந்தது. மூடி லேசாகக் கிறீச்சிட்டது.

அந்த வருஷம் எங்கள் ஏரி, வைகாசிக்கு மூன்று மாசம் முன்னால், மாசியிலேயே வற்றிவிட்டது.