குரல்கள் மட்டும் படித்த பள்ளிக்கூடம்

ஒசேவே ஓடிக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்தின் இரும்புக் கதவு மூடுவதற்குள் மகன் ஒச்சோலா பரீட்சை பெஞ்சில் உட்கார்ந்தாக வேண்டும். இல்லாவிட்டால் பையனின் குரல் மதிய பஸ்ஸில் நைரோபிக்குப் போய்விடும். போன குரல் எதுவும் இதுவரை திரும்பியதில்லை. அவன் தோளில் நீலச் சீருடை கிடந்தது. சட்டைக் கைகள் இரண்டும் அவன் முதுகில் தாளம் போட்டன. மணலில் ஒமேனா மீன் காயப்போட்டுக்கொண்டிருந்த அபோண்டி நிமிர்ந்து பார்த்தாள்.

"ஊரான் பிள்ளைங்களை எல்லாம் காதைத் திருகி இழுத்துட்டுப் போனீங்களே, ஒச்சோலா அப்பா! கடைசியில சொந்தப் பிள்ளையும் சிக்கிட்டானா?"

"சிக்கிட்டான்" என்றான் ஒசேவே, நிற்காமல்.

"என்ன இப்படி இளைச்சுட்டான்? அந்தத் தீவுல ஒருத்தனும் களி கிண்டிப் போடலையா?"

ஏரியில் மீன்கள் கரையை விட்டு விலகிய வருஷம்தான் எல்லாம் ஆரம்பித்தது. படகுகளுக்குச் சின்னக் கைகள் தேவைப்பட்டன, பெஞ்சுகள் காலியாயின. மட்டம் போடும் பிள்ளைகளைப் பிடித்து வரப் பள்ளிக் கமிட்டி ஒசேவேயை நியமித்தது. வலைக்குள்ளிருந்தும் கவிழ்த்துப் போட்ட படகுக்கு அடியிலிருந்தும் அவன் இழுத்து வந்தான். பெற்றோருக்கு ஆட்டை அபராதமாக விதித்தார்கள், ஆடுகள்தான் தீர்ந்தன. மதியம் சோளமும் பீன்ஸும் அவித்துப் போட்டார்கள். பிள்ளைகள் மதியம் வந்து, தின்று, மதியமே போனார்கள். பிறகு ஒரு திங்கட்கிழமை, அலுவோச் டீச்சர் காலி பெஞ்சுகளைப் பார்த்துப் பழக்கதோஷத்தில் பெயர் வாசித்தபோது எல்லாப் பெயருக்கும் பதில் வந்தது. பிள்ளைகள் ஏரியில்தான் இருந்தார்கள். குரல்கள் மட்டும் வகுப்புக்கு வந்திருந்தன. அந்த நேரத்தில் படகில் வாயைத் திறந்த பிள்ளைக்கு வெறும் காற்றுதான் வந்தது. ஆய்வாளர் வந்தார், வாய்ப்பாடு ஒப்பிப்பதைக் கேட்டார், கணீரென்று இருக்கிறது என்று பாராட்டிவிட்டுப் போனார்.

ஒசேவே வீடு வீடாகப் போய்ச் சண்டை போட்டான். "குரல் படிக்குது, கை சம்பாதிக்குது. உனக்கு ஏன்யா வயிறு எரியுது?" என்று கேட்டார்கள். அவனிடம் பதில் இருந்தது, கேட்கத்தான் ஆளில்லை. உடல் வந்து பெஞ்சில் உட்கார்ந்தால் குரல் அதற்குள் இறங்கி வீட்டுக்குத் திரும்பும். உட்காராவிட்டால், எட்டாம் வகுப்புப் பரீட்சை அன்றைக்கு பஸ் ஏறிவிடும். நகரத்தில் அவற்றுக்கு நல்ல கிராக்கி. சில ரேடியோவில் மழை நிலவரம் சொல்லின, சில பஸ் நிலையத்தில் ஊர்ப்பெயர் கூவின. தாய்மார்கள் ரேடியோவை மடியில் போட்டுத் தடவினார்கள். கரையில் மீசை முளைத்த பையன்கள் பேச்சில்லாமல் வலை இழுத்தார்கள்.

ஒச்சோலா கெட்டிக்காரன். அப்பன் கை எட்டாத தீவுக்கே போய்விட்டான். ஒசேவே தினமும் வகுப்பு ஜன்னலடியில் நின்று மகனின் குரலைக் கேட்டுவிட்டு, வீட்டில் வந்து மனைவியிடம் ஒப்பிப்பான். "இருமுறானா?" என்று அவள் கேட்பாள். அவளுக்கு அதுதான் கவலை. இன்று விடிந்ததும் தீவுப் படகு வந்தது. படகுக்காரர்கள் ஒசேவேயைத் தனியே அழைத்துப் பேசினார்கள். அவன் அவர்களைத் திட்டவில்லை. ஓடைப் பக்கம் போனான், திரும்பி வந்து வீட்டுக் கொடியில் கிடந்த சீருடையை எடுத்தான், ஓட ஆரம்பித்தான்.

கதவு மூட ஒரு விரற்கடை இருக்கையில் உள்ளே நுழைந்தான். ஒச்சோலாவின் பெஞ்சில் தோள் சுமையை இறக்கிச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"முகத்தைப் பார்க்கணும், ஒச்சோலா அப்பா" என்றாள் அலுவோச் டீச்சர். "முகம் பார்க்காம தாள் குடுத்தா என் வேலை போயிடும்."

"தூங்குறான் டீச்சர். குடுங்க."

அவள் காலரை விலக்கிப் பார்த்தாள். மேல் பட்டனைப் போட்டுவிட்டாள். வினாத்தாளை வைத்தாள், பென்சிலைச் சீவி அதன் மேல் வைத்தாள். பிறகு பெயர் வாசித்தாள்.

"ஒச்சோலா ஒசேவே."

"வந்திருக்கேன் டீச்சர்." குரல் வழக்கம் போலத் தகரக் கூரையின் மூலையிலிருந்தே வந்தது.

ஒசேவே அண்ணாந்து பார்த்தான். "இறங்கி வாடா. பெஞ்சு இருக்கு, சட்டை இருக்கு. வந்து உட்காருடா. உங்கம்மா கேட்டா நான் என்னன்னு சொல்லுவேன்?"

குரல் கூரையை விட்டு இறங்கவில்லை.

"அது நான் இல்லையேப்பா" என்றது.

மற்ற குரல்கள் எதுவும் சிரிக்கவில்லை. ஒச்சோலா மீன் பிடிக்கப் போன படகு முந்தின நாள் மாலையே ஏரியில் கவிழ்ந்திருந்தது. பெஞ்சில் நீலச் சீருடைக்குள் சாய்ந்திருந்தது ஓடைக்கரை யாகோ மரத்தின் நீண்ட காய். ஏரி உடலைத் திருப்பித் தராதபோது, ஆளுக்குப் பதிலாக அந்தக் கரையில் புதைக்கிற காய்.